சொல் இணைக்கிறதா, பிரிக்கிறதா?

வாசகர் கேள்வி, ஜூன் 4

சொற்கள் மனிதர்களை இணைக்கின்றன என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நானும் என் தங்கையும் பேசாமல் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தால் ஒரு குறையும் இல்லை. வாய் திறந்தால் பத்தாவது நிமிடம் சண்டை. நான் சொன்னது ஒன்று, அவள் எடுத்துக்கொண்டது வேறு. சொல்லுக்குள் பொருள் இருக்கிறது என்றால் அது ஏன் போகிற வழியில் மாறிப்போகிறது?

ஜூன் 4, இரவு

பொருள் சொல்லுக்குள் உட்கார்ந்திருப்பதாக நினைப்பதில்தான் சிக்கல். நான் இருபது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பில் பிழைப்பவன். நாள்தோறும் ஆயிரக்கணக்கான சொற்களை இந்தப் பக்கத்திலிருந்து எடுத்து அந்தப் பக்கம் வைக்கிறேன். 'மரம்' என்ற ஒலியில் கிளையும் இல்லை, இலையும் இல்லை. அதைக் கேட்டதும் உங்களுக்குள் ஒரு மரம் எழுகிறது, உங்கள் தங்கைக்குள் இன்னொரு மரம் எழுகிறது. பெரும்பாலும் இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் வேலை நடக்கிறது.

தொல்காப்பியர் 'எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே' என்றார். குறிக்கின்றன என்றுதான் சொன்னார், உள்ளே வைத்திருக்கின்றன என்று சொல்லவில்லை. உரியியலில் இன்னும் ஒரு படி போய் 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்கிறார். மொழியியலாளர் ஃபெர்தினான் த சொசூர் ஜெனீவாவில் நடத்திய வகுப்புகள், மாணவர்களின் குறிப்புகளிலிருந்து 1916இல் நூலாக வந்தன. அதில் உள்ள கருத்தும் இதுதான்: ஒலிக்கும் பொருளுக்கும் இயற்கையான தொடர்பு கிடையாது, ஒரு கூட்டத்தாரின் பழக்கம்தான் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது.

ஆகவே உங்கள் தங்கையிடம் போய்ச் சேருவது ஒலி மட்டுமே. பொருளை அவர் தம்மிடம் இருப்பதிலிருந்து எடுத்துச் சேர்க்கிறார். அவரிடம் என்ன இருக்கிறது என்று நீங்கள் இந்தக் கேள்வியில் எழுதவில்லை.

ஜூன் 5

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். 'கேள்' என்ற சொல்லைப் பாருங்கள். காது கொடுப்பதும் கேட்பது, வினவுவதும் கேட்பது, வேண்டுவதும் கேட்பது. கேள் என்றால் உறவும்கூட. கணியன் பூங்குன்றனார் 'யாவரும் கேளிர்' என்றது அந்தப் பொருளில்தான். காது கொடுப்பவரே உறவினர் என்பதை நம் மொழி வேரிலேயே வைத்திருக்கிறது.

ஜூன் 7

சொல் பிரிக்கிறது என்ற உங்கள் பேச்சை இரண்டு நாளாக மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். அது பொய்யில்லை. எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆளடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் மூன்று பிள்ளைகள் சேர்ந்து அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார்கள், ஆங்கிலத்தில். கடைக்குட்டிக்குத் தமிழ் எழுத வராது என்பதால் அப்படி. மூவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தமிழாக்கித் தர வேண்டும் என்று மூத்தவர் கேட்டார். முதல் வரியே வீட்டை விற்க முடிவு செய்ததைப் பற்றியது. அதைச் சுலபமாக முடித்துவிட்டேன்: 'வீட்டை விற்க முடிவு செய்திருக்கிறோம்.' தமிழ் வினையில் இருக்கிற '-ஓம்' பெரிய மனது படைத்தது. முடிவு செய்தவர்களில் கேட்பவரும் உண்டா, இல்லையா என்று அது சொல்வதில்லை.

அடுத்த வரியில் மாட்டிக்கொண்டேன். 'இது ... நல்லது.' நமக்கா, எங்களுக்கா? 'நமக்கு' என்று எழுதினால் அம்மாவும் உள்ளே வந்துவிடுகிறார். 'எங்களுக்கு' என்று எழுதினால் வாசலில் நிறுத்தப்படுகிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். எழுதிய மூவரும் அந்த இடத்தில் எதையும் தீர்மானிக்கவே வேண்டியிருக்கவில்லை. தமிழில் எழுதியிருந்தால் பேனா அங்கே நின்றிருக்கும்.

மூத்தவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "அம்மாவையும் சேர்த்துச் சொல்கிறீர்களா, சேர்க்காமலா?" என்று கேட்டேன். வெகுநேரம் பதில் இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். பிறகு, "அம்மாவையும் சேர்த்துத்தான்" என்றார். உடனேயே, "இல்லை. அம்மாவிடம் இன்னும் நாங்கள் கேட்கவே இல்லை" என்றார். கடிதத்தை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நாம், நாங்கள் என்ற இந்த வேறுபாடு தென்னிந்திய மொழிகள் எல்லாவற்றிலும் உண்டு. மலாய் மொழியில் கித்தா என்றால் கேட்பவரையும் சேர்த்து, காமி என்றால் சேர்க்காமல். சில எழுத்து மாறினால் ஒரு ஆள் உள்ளே இருப்பதும் வெளியே நிற்பதும் முடிவாகிவிடுகிறது. சொல் இணைக்கிறது என்று சொல்பவர்களும் பிரிக்கிறது என்று சொல்பவர்களும் இந்த ஒரு இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஜூன் 8

திருத்தம். 'தென்னிந்திய மொழிகள் எல்லாவற்றிலும்' என்று எழுதியது தவறு. தெலுங்கில் மனமு, மேமு என்று உண்டு. மலையாளத்தில் நம்மள், ஞங்ஙள் என்று உண்டு. இன்றைய கன்னடத்தில் இரண்டுக்கும் 'நாவு' ஒன்றுதான். சுட்டிக்காட்டியவர் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். அந்த வேறுபாடு இல்லாததால் தம் வீட்டில் யாரும் வெளியே நின்றதாக நினைவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அது நியாயமான அடி. மொழி இருக்கை போட்டு வைக்கலாம், ஆளை அழைத்து உட்கார வைப்பது அதன் வேலையில்லை. நேற்று மொழிக்குக் கொஞ்சம் அதிகமாகவே புகழ் பாடிவிட்டேன்.

ஜூன் 10

இன்னொரு திருத்தம், இது பெரியது. முதல் குறிப்பில் தொல்காப்பியரையும் சொசூரையும் ஒரே தட்டில் வைத்தேன். திரும்பப் படித்தபோது கூச்சமாக இருந்தது. 'விழிப்பத் தோன்றா' என்றால் வெளிப்படையாகத் தெரியாது என்பது பொருள். காரணம் இல்லை என்று அவர் சொல்லவில்லை, பார்த்த மாத்திரத்தில் புலப்படாது என்றுதான் சொன்னார். சொசூர் காரணமே இல்லை என்கிறார். இருவருக்கும் நடுவே ஒரு வயல் அளவு இடைவெளி இருக்கிறது. நம்மவர் முன்பே சொல்லிவிட்டார் என்று காட்டும் ஆசையில் அதை நான் தாண்டிக் குதித்துவிட்டேன்.

அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பூபா, கிக்கி இருக்கின்றன. ஒரு தாளில் வளைந்து குமிழ் குமிழாக ஓர் உருவம், பக்கத்தில் முள் முள்ளாக இன்னொன்று. எது பூபா, எது கிக்கி? உளவியலாளர் வுல்ஃப்காங் கோலர் 1929இலேயே வேறு இரண்டு சொற்களை வைத்து இதைச் செய்து பார்த்தார். 2001இல் மூளை ஆய்வாளர்கள் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் இந்தப் பெயர்களோடு அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். முள்ளுருவத்தைக் கிக்கி என்றவர்களே மிகப் பெரும்பான்மை. ஒலிக்கும் உருவத்துக்கும் எங்கோ ஓர் ஒட்டுதல் இருக்கிறது. நம் இரட்டைக்கிளவிகளைக் கேட்டால் அது பொய்யென்று தோன்றாது. சலசல, படபட போன்றவை ஒலியைப் பின்பற்றியவை, அவற்றை விடுங்கள். 'மினுமினு'வில் ஒலி எங்கே இருக்கிறது? ஒளி எப்படி வாயில் ஏறியது? என்னிடம் விடை இல்லை, ஆனால் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் மகிழ்ச்சியாக இருக்கிறது.

'அம்மா' இயற்கையாக வந்த சொல், உலகமெங்கும் தாய்க்கு மகர ஒலிதான் என்று ஒருவர் எழுதியிருந்தார். பெரும்பாலும் சரி. உதடு மூடிய குழந்தைக்கு எளிதில் வருகிற ஒலி அது. ஆனால் ஜார்ஜியாவின் மொழியில் 'மாமா' என்றால் தந்தை, 'தேதா' என்றால் தாய். குழந்தை எழுப்புவது ஒலிதான். அதை யாருக்குப் பெயராக வைப்பது என்று தீர்மானிப்பவர்கள் தொட்டிலுக்கு மேலே குனிந்து நிற்கும் பெரியவர்கள்.

ஜூன் 11

'கேள்' பற்றி ஐந்தாம் தேதி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஒலி ஒன்று என்பதாலேயே வேர் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. எனக்குப் பிடித்த கருத்துக்குச் சாட்சியாக ஒரு சொல்லை இழுத்து வந்து நிறுத்தினேன். மொழியை நேசிப்பவர்கள் அதிகம் செய்கிற தவறு இதுதான், என்னையும் சேர்த்து.

ஜூன் 13

முதல் கேள்வியை எழுதியவர் மீண்டும் வந்திருக்கிறார். தங்கையிடம் மன்னிப்புக் கேட்டால் அது வெறும் சொல்தானே, அதனால் என்ன ஆகும் என்கிறார்.

வெறும் சொல் என்று ஒன்று கிடையாது. மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகள் முழுவதும் இதைப் பற்றித்தான். சில சொற்கள் நடந்ததை விவரிப்பவை அல்ல, அவையே நடப்பு. 'வாக்குக் கொடுக்கிறேன்' என்று சொன்ன கணத்தில் வாக்குக் கொடுக்கப்பட்டுவிடுகிறது. வேறெங்கோ நடந்த ஒரு செயலின் செய்தி அல்ல அது. 'மன்னித்துவிடு' என்பதும் அந்த இனம்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். தமிழில் மன்னிப்புச் சொல்வதில்லை, மன்னிப்புக் கேட்கிறோம். அதாவது பாதி வேலையை எதிராளியிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கிறோம். அவர் தரும்வரை அந்தச் சொல் அந்தரத்தில் நிற்கும். உங்களுக்கு அது பயமாக இருக்கிறது. அதைப் பயம் என்றே எழுதியிருக்கலாம்.

ஜூன் 17

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம். கை கால்கள் ஓரளவு திரும்பின. பேச்சு திரும்பவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: 'அப்புறம்.'

தண்ணீர் வேண்டும் என்றாலும் அப்புறம். வலிக்கிறது என்றாலும் அப்புறம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து அப்புறம். அவருக்குள் எல்லாம் இருந்தது. நாங்கள் பேசுவது முழுவதும் புரிந்தது. நாளிதழைத் தலைகீழாகக் கொடுத்தால் கோபித்துக்கொண்டு திருப்பிப் பிடித்தார். வாசலுக்கு வருவதற்கு மட்டும் அந்த ஒரு சொல்.

மருத்துவர் பால் புரோக்கா 1861இல் பாரீஸ் அருகே பார்த்த நோயாளியைப் பற்றி முன்பே படித்திருக்கிறேன். பெயர் லெபோர்ன். 'டான்' என்ற ஓர் அசையைத் தவிர ஏறக்குறைய எதுவும் சொல்ல முடியாதவர். மருத்துவமனையில் எல்லோரும் அவரை டான் என்றே அழைத்தார்கள். அவர் இறந்த பிறகு மூளையின் இடப்பக்க முன்பகுதியில் சிதைவு இருப்பதைப் புரோக்கா கண்டார். பேச்சுக்கு மூளையில் தனி இடம் உண்டு என்ற கருத்து அங்கிருந்துதான் வலுப்பட்டது. படித்தபோது அது அறிவியல் வரலாறாக மட்டும் இருந்தது. பிறகு எங்கள் வீட்டுக் கட்டிலில் அதைப் பார்த்தேன்.

பேச்சுப் பயிற்சியாளர் வாரம் மூன்று நாள் வருவார். அப்பாவால் ஒன்று முதல் பத்துவரை வரிசையாகச் சொல்ல முடியும் என்று கண்டுபிடித்தவர் அவர். 'நான்கு' என்று தனியாகச் சொல்லச் சொன்னால் வராது. ஒன்றில் தொடங்கினால் நான்கைத் தாண்டிப் பத்துவரை ஓடிவிடும். கிழமைகளும் அப்படியே. இன்று என்ன கிழமை என்று கேட்டால், விரலை மடக்கி ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று வந்து, கட்டை விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். நிறுத்திவிட்டேன் பார், என்பதுபோல. பழைய பாட்டென்றால் வரிகள் தடையின்றி வரும். மனப்பாடமாக வரிசையில் கிடக்கும் சொற்களும், நினைத்து எடுக்க வேண்டிய சொற்களும் வேறு வேறு வழியாக வருகின்றன என்று பயிற்சியாளர் சொன்னார்.

ஆறு மாதத்தில் நாங்கள் 'அப்புறம்' மொழியில் தேர்ந்துவிட்டோம். இழுத்துச் சொன்னால் களைப்பு. வெட்டிச் சொன்னால் போதும் என்று அர்த்தம். முடிவில் ஏற்றினால் கேள்வி. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் நடந்தது. முதல் நாள் நான் எழுதியதை எனக்கு நிரூபித்தவர் அவர்தான்: பொருளை எடுத்துச் சேர்ப்பது கேட்பவர்.

ஜூன் 18

மேலே எழுதியதைப் படித்துப் பலர் நெகிழ்ந்துவிட்டார்கள். எனக்கு அது உறுத்துகிறது. நான் பாதியைத்தான் சொன்னேன்.

ஒரு சொல்லால் குடும்பம் நடந்தது என்பது எங்கள் பக்கத்துக் கதை. அவர் பக்கத்துக் கதை வேறு. வீட்டுக்கு வந்த நான்காம் மாதம், மூன்று நாள் தொடர்ந்து புத்தக அலமாரியைக் காட்டி அப்புறம், அப்புறம் என்றார். கண்ணாடி எடுத்துக் கொடுத்தேன். தள்ளிவிட்டார். கடிகாரம், சாவிக்கொத்து, அம்மாவின் படம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தார். மூன்றாம் நாள் மாலை, "சரிப்பா, புரிந்துவிட்டது, பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். புரியவில்லை. அவரைச் சமாதானப்படுத்தச் சொன்னேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

பொருளைக் கேட்பவர் எடுத்துச் சேர்க்கிறார் என்பது எவ்வளவு அபாயமான உண்மை என்று அன்று தெரிந்துகொண்டேன். எடுத்துச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, சேர்த்துவிட்டதாகச் சொல்லவும் கேட்பவரால் முடியும்.

2013இல் நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள். வெவ்வேறு கண்டங்களைச் சேர்ந்த பத்து மொழிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, 'நீ சொன்னது எனக்கு விளங்கவில்லை' என்பதற்கான ஓரசைச் சொல் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. நம் 'ஆங்?' போன்ற ஒலி. தாய்க்கும் தந்தைக்கும் பெயர் வைப்பதில் ஒத்துப்போகாத மொழிகள் இதில் ஒத்துப்போகின்றன. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது அந்த ஓரசைதான்.

ஜூன் 20

ஒலி இல்லாத சொற்களை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்டவருக்கு. விட்டது தவறுதான். நிகரகுவாவின் தலைநகர் மனாகுவாவில் 1970களின் கடைசியில் காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளி பெரிதாக வளர்ந்தது. அதுவரை ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டில் தனக்கென்று சில சைகைகளோடு இருந்தது. ஆசிரியர்கள் ஸ்பானிய மொழியை உதட்டசைவால் கற்பிக்க முயன்றார்கள், அது பெரிதாகப் பயன் தரவில்லை. குழந்தைகளோ விளையாட்டிடத்திலும் பேருந்திலும் தங்களுக்குள் சைகைகளைக் கலந்தார்கள். பின்னால் வந்து சேர்ந்த சிறியவர்கள் அதற்கு இலக்கணமே கொடுத்துவிட்டார்கள். யாரும் கற்றுத் தராமல் ஒரு முழு மொழி பிறந்தது. வீட்டில் தனியாக இருந்தவரை எந்தக் குழந்தையிடமும் அது இல்லை.

ஜூன் 22

'அப்புறம்' ஏன் மிஞ்சியது என்று ஒருவர் கேட்கிறார். மருத்துவக் காரணம் எனக்குத் தெரியாது. ஆனால் அப்பா நல்ல நாளில் தொலைபேசியில் பேசியது நினைவிருக்கிறது. செய்தி தீர்ந்துவிடும். வைத்துவிட மனம் வராது. "அப்புறம்?" என்பார். நானும் "அப்புறம்..." என்பேன். சொல்ல ஒன்றும் இருக்காது. அந்தச் சொல்லில் தகவல் எதுவும் இல்லை, 'இன்னும் வைத்துவிடாதே' என்பதுதான் இருக்கிறது.

மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார். செய்தி சொல்வதற்காக இல்லாமல், ஒருவரோடொருவர் இருப்பதற்காகவே பேசுகிற பேச்சு. அதை மட்டமாகப் பார்ப்பவர்கள் உண்டு, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். வெற்றுப் பேச்சு என்று எண்ணித் தொலைபேசியைச் சீக்கிரம் வைத்திருக்கிறேன். இப்போது அந்த நிமிடங்களைத் திரும்பக் கேட்டால் யாரிடம் கேட்பது?

ஜூலை 3

அலமாரிக்கு என்ன ஆயிற்று என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். சொல்லாமல் விட்டது சரியில்லை.

பதினோராம் மாதம். பயிற்சியாளர் படங்களைக் காட்டிப் பெயர் சொல்ல வைத்துக்கொண்டிருந்தார். ஒன்றிரண்டு சொற்கள் திரும்பத் தொடங்கியிருந்த நேரம். ஜன்னல், சாவி, மேஜை. மூன்றும் போர்த்துகீசியரிடமிருந்து நமக்கு வந்த சொற்கள். இதைச் சொன்னால் அப்பா முன்பெல்லாம் "யார் வீட்டுச் சாமானோ!" என்று சிரிப்பார். அன்றும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கினார். உதடு இரண்டு முறை கூடிப் பிரிந்தது. அலமாரியைப் பார்த்தார்.

"இர... இர..." என்றார். இரவா என்றேன். தலையை ஆட்டி மறுத்தார். இரண்டா? இல்லை. முன்புபோல 'புரிந்துவிட்டது' என்று சொல்ல நாக்கு எழுந்தது. சொல்லவில்லை. "புரியவில்லை அப்பா, இன்னொரு முறை" என்றேன். பயிற்சியாளர் படங்களைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். ஒரு நிமிடம் போயிருக்கும். பேச்சில் ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். 2009இல் பத்து மொழிகளின் உரையாடலை அளந்து பார்த்தவர்கள், ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்றார்கள். அதைத் தாண்டியதும் நாம் தவிக்கத் தொடங்கிவிடுகிறோம், பிறர் வாக்கியத்தை நாமே முடித்து வைக்கிறோம்.

"இரவல்" என்றார்.

மேல் தட்டில், கனமான அகராதிகளுக்குப் பின்னால், பழுப்பு அட்டை போட்ட ஒரு புத்தகம். அவருடைய நண்பரிடம் வாங்கியது, உள்ளே நண்பரின் கையெழுத்து. நோய் வருவதற்கு முதல் வாரம் வாங்கியிருக்கிறார். திருப்பித் தர வேண்டும் என்பதைத்தான் அந்த மூன்று நாளும் சொல்லிக்கொண்டிருந்தார்.

புத்தகத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அட்டையை உள்ளங்கையால் இரண்டு முறை துடைத்தார். பிறகு என்னிடம் நீட்டி வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

ஜூலை 9

கடிதத்தின் மூத்தவர் நேற்று அழைத்தார். மூவரும் அம்மாவிடம் நேரில் போய்ப் பேசினார்களாம். வீடு பற்றி என்ன முடிவு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 'நம் வீடு' என்றுதான் பேச்சு முழுவதும் சொன்னார்.

முதல் கேள்வியை எழுதியவரே, தங்கையிடம் கேட்டுவிட்டதாகவும் அவர் இன்னும் பதில் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான்கு நாள்தான் ஆகிறது. காத்திருங்கள், அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள்.

அப்பாவுக்கு இப்போது நூறு சொற்களுக்கு மேல் வருகின்றன. பயிற்சியாளர் எண்ணி எழுதி வைக்கிறார். நான் வெளியூரில் இருந்தால் மாலையில் தொலைபேசியில் பேசுகிறோம். நேற்று செய்தி எல்லாம் தீர்ந்த பிறகு, முடிவில் குரலை ஏற்றி "அப்புறம்?" என்றார். இது பழைய பழக்கமா, சொல் கிடைக்காமல் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஆங்?" என்றேன்.

சிரித்தார். "சும்மா" என்றார்.